காருக்கு வடிகட்டிய காற்று, எங்கள் பிள்ளைக்கு விஷப் புகையா?



தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து போனார்கள். லயத்து வாசலெல்லாம் புதுச்சட்டையும் வெடிச்சத்தமுமாக இருந்தது. அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்கு உடுப்பு என்று பிள்ளைகள் கொண்டுவந்ததைப் பார்க்க நமக்கும் மனம் நிறைந்தது. ஆனால் எங்கள் டிவிஷனில் ஒரு வீட்டில் நான் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பையனுக்கு 22 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு கொஞ்சக் காலம் சும்மா இருந்துவிட்டு, கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனான். நாலு வருஷமாகிறது. சின்ன வயதில் அம்மாவின் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மலையில் ஓடியவன். இந்தமுறை பஸ் றோட்டிலிருந்து மேட்டு லயத்துக்கு ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்தான். இரவில் விடாத இருமல். நெஞ்சில் விசில் ஊதுவதுபோல் சத்தம்.

"பனி ஒத்துக்கல, கொழும்பு வெயிலுக்குப் பழகிட்டான்" என்று அவன் அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். நான் அவனிடம் கேட்டேன்.

"கொழும்புல எப்படி இருக்கு தம்பி?"

"அங்கயும் ராவுலதான் மாமா வரும். ஞாயித்துக்கிழமை லீவுல கொஞ்சம் நல்லா இருக்கும். திங்கக்கிழமை வேலைக்குப் போனா ராவுக்குத் திரும்பத் தொடங்கிடும்."

"அடிக்கிறப்ப முகத்துக்கு என்ன போடுற?"

"பாஸ் மாஸ்க் பெட்டி வாங்கி வச்சிருக்காரு. அதுவும் இல்லாட்டி லேஞ்சியக் கட்டிக்குவோம். நாங்க வெளியில அடிக்கிறதில்ல மாமா, பூத்துக்குள்ளதான் அடிக்கிறோம். பூத் இருந்தா பாதுகாப்புதானே?"

அவன் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூத் இருந்தால் பாதுகாப்பு என்று அவனை யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்யால் இலாபம் அடைவது முதலாளி. நெஞ்சு போவது நம்முடைய பிள்ளைக்கு.

பூத் யாருக்காகக் கட்டியது?

பெயின்ட் பூத் என்பது ஒரு வாகனம் உள்ளே போய் நிற்கும் அளவுக்கு மூடிய அறை. எதற்காக மூடுகிறார்கள்? பெயின்ட் காய்வதற்குள் அதன்மேல் தூசியோ கொசுவோ ஒட்டினால் வேலை கெட்டுவிடும். அதனால் வெளிக்காற்றை வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். காருக்கு இவ்வளவு கவனிப்பு!

முறையாகக் கட்டிய பூத்தில் இதன் மறுபாதியும் இருக்கும். மேலேயிருந்து வரும் சுத்தமான காற்று, பெயின்ட் துளிகளையும் ஆவியையும் அள்ளிக்கொண்டு கீழே இறங்கும். பலமான காற்றாடி அதை உறிஞ்சி, வடிகட்டி, புகைபோக்கி வழியே வெளியேற்றும். உள்ளே விடும் காற்றைவிட வெளியே இழுக்கும் காற்று சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் கதவு இடுக்கு வழியாக விஷம் பக்கத்தில் வேலை செய்பவர்மேல் போகாது.

ஆனால் எத்தனை இடத்தில் அந்த மறுபாதி இருக்கிறது? நாலு பக்கமும் தகரம் அடித்து, பொலித்தீன் சீலை தொங்கவிட்டு, சுவரில் ஒரு சாதாரண மின்விசிறியை மாட்டிவிட்டு அதற்கும் பூத் என்று பெயர் வைக்கிறார்கள். சரியான பூத்திலும் வடிகட்டிகளை மாதக்கணக்காக மாற்றாமல் விடுகிறார்கள். உறிஞ்சும் காற்றாடி இயங்காத பூத், திறந்த வெளியைவிட மோசமானது. திறந்த வெளியில் புகையைக் காற்றாவது கொண்டுபோகும். மூடிய அறையில் அது அடிக்கிறவனைத் தவிர வேறு எங்கும் போக வழியில்லை.

அடிக்கிறது வெறும் பெயின்ட் இல்லை

இன்று வாகனங்களுக்கு அடிக்கும் பளபளக்கும் பெயின்ட் பெரும்பாலும் இரண்டு டின்னைக் கலந்து அடிப்பது. ஒன்றில் பெயின்ட் அல்லது கிளியர். மற்றதில் ஹார்ட்னர். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அடிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளியாகக் காற்றில் மிதக்கிறது. ஆபத்தான அளவு காற்றில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. நமக்கு மணப்பது தின்னர். தின்னர் மணம் குறைந்ததும் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து மாஸ்க்கைக் கழற்றுகிறோம். அந்த நேரத்தில்தான் இது உள்ளே போகிறது.

இதை மூச்சில் இழுக்கிற எல்லாருக்கும் முதல் நாளே நோய் வராது. சிலருக்குச் சில மாதத்தில், சிலருக்குப் பல வருஷம் கழித்து உடம்பு அதற்குப் பகையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே முட்டு வரும். பலருக்கு வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது. மாலையிலும் நடு இரவிலும்தான் இருமலும் இழுப்பும் வரும். லீவு நாளில் குறையும், வேலைக்குப் போனால் கூடும். எங்கள் பையன் சொன்னதும் இதுதான். அவன் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, தன் நெஞ்சிலிருந்து சொன்னான். பகையாகிப்போன உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. அந்த இரசாயனத்தின் பக்கமே போகாமல் இருப்பதுதான் வழி. கற்ற ஒரே தொழிலை 22 வயதில் விட வேண்டும் என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

பிரித்தானியாவில் வேலைத்தலப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பவருக்கு ஆஸ்துமா வரும் ஆபத்து, அந்த நாட்டில் மற்ற வேலை செய்பவர்களைவிட ஏறக்குறைய 80 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், இந்த இரசாயனத்தைத் தொழிலுக்குப் பாவிக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டம். இரசாயனம் இங்கேயும் அதேதான். அங்கே உள்ள விதியை மட்டும் இங்கே காணோம்.

தோழர்களே, இது நமக்குப் புதிதா? மலையில் மருந்தடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஐரோப்பாக்காரர் தாங்கள் குடிக்கும் தேயிலையில் எவ்வளவு மருந்து எஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். டாங்கியை முதுகில் சுமந்து அடித்தவனின் நெஞ்சில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று யார் அளந்தார்கள்? மலையில் அப்பனுக்கு நடந்ததுதான் கராஜில் மகனுக்கு நடக்கிறது.

நான்கு சமாதானங்கள்

இதைப் பற்றிக் கேட்டால் முதலாளிமார் சொல்லும் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

"மாஸ்க் கொடுத்திருக்கிறோமே" என்கிறார்கள். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி போட்ட ரப்பர் மாஸ்க் அதைவிட மேல். ஆனால் அந்தக் கரி ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். நிறைந்ததை மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஐசோசயனேட்டுக்கு மணம் தெரியாதே! தாடி வைத்திருந்தால் ரப்பர் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே போகும். பூத்துக்குள் இந்தப் பெயின்ட்டை அடிப்பவருக்கு வேண்டியது குழாய் வழியே வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும், முகத்தை மூடிய கவசம். பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிக்குக் காற்றுக் கொடுக்க கராஜில் கொம்பிரசர் ஏற்கெனவே இருக்கிறது. மூச்சுக் காற்றுக்கான வடிகட்டியைப் பூட்டி, காற்றுப் போதுமானதா என்று பார்த்தால் பல இடத்தில் அதே கொம்பிரசரே இதற்கும் உதவும். துப்பாக்கிக்குக் காற்றுக் கொடுக்க மனமிருக்கிறது, மனிசனுக்குக் கொடுக்க மனமில்லை.

"பழகினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். இது கொடிய பொய். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் பழகும், மலை ஏறி ஏறிக் கால் பழகும். இந்த விஷத்துக்கு உடம்பு பழகாது. நாள் போகப் போகப் பகையாகத்தான் ஆகும்.

"பால் குடித்தால் முறிந்துவிடும்" என்கிறார்கள். இதை முதலாளி மட்டுமல்ல, மூத்த பெயின்ட் பாஸ்மாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. ஒரு குவளைப் பாலைக் கொடுத்து ஒரு கவசத்தின் செலவை மிச்சம் பிடிப்பதற்குத்தான் இந்தக் கதை உதவுகிறது.

"கொடுத்தாலும் பையன்கள் போடுவதில்லை" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூடிய அறையில் வேர்த்துக் கொட்டும்போது யாருக்கும் கழற்றத்தான் தோன்றும். ஆனால் எத்தனை வாகனம் முடித்தாய் என்று மட்டும் கணக்குப் பார்த்து, ஓய்வு கொடுக்காமல் விரட்டுவது யார்? பொருத்தமான கவசத்தைக் கொடுப்பதும், போடும் முறையைக் கற்றுக்கொடுப்பதும், போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதும் வேலை கொடுத்தவரின் கடமை.

பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய விதிகள்

கீழே உள்ளதைப் போனில் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள்.

1. டின்னைப் பார். சிவப்புக் கோட்டுச் சாய்சதுரத்துக்குள் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோல் ஒரு மனித உருவம் இருந்தால், அது உடம்பின் உள்ளே நோய் உண்டாக்கும் பொருள். தீச்சுவாலை இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இந்தப் படங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

2. உறிஞ்சும் காற்றாடி ஓடாமல் துப்பாக்கியைத் தொடாதே. அடித்து முடிந்ததும் காற்றாடியை நிறுத்தாதே.

3. அடித்து முடிந்த உடனே கவசத்தைத் தூக்கி வேலையைப் பார்க்காதே. பலர் விஷத்தை இழுப்பது அந்த நேரத்தில்தான். நல்ல பூத்தில் காற்றுச் சுத்தமாகப் பொதுவாக 5 நிமிடத்துக்குள் ஆகும். சாதாரண அறை என்றால் 20 நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். உங்கள் பூத்துக்கு எவ்வளவு நேரம் என்று புகை விட்டுச் சோதித்துக் கதவில் எழுதிப் போடச் சொல். அதுவரை கவசத்தோடு இரு, அல்லது கவசத்தோடு வெளியே வந்து கழற்று.

4. கவசம் இல்லாத யாரும் அந்த நேரத்தில் உள்ளே வரக் கூடாது. தேத்தண்ணி கொண்டுவரும் சின்னப் பையனும் வரக் கூடாது. உள்ளே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

5. கவசத்துக்குக் காற்று அனுப்பும் கொம்பிரசர் சுத்தமான வெளிக்காற்றை இழுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பூத்தின் புகைபோக்கி அருகிலோ வாகனப் புகை வரும் இடத்திலோ இருந்தால் அந்தப் புகைதான் கவசத்துக்குள் வரும்.

6. கை கழுவத் தின்னரைப் பாவிக்காதே. தோல் வழியாகவும் உடம்பு பகையாகும். நைட்ரைல் கையுறை போடு, சவர்க்காரத்தால் கழுவு. வேலை உடுப்போடு அறைக்குப் போய்ப் படுக்காதே.

7. துப்பாக்கியைக் கழுவும்போது தின்னரைக் காற்றில் பீச்சாதே. அதிலும் அதே விஷம்தான் இருக்கிறது.

8. நெருப்பை மறக்காதே. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தேங்கும். ஒரு பொறி போதும். சிகரெட், வெல்டிங், அரைக்கும் மெஷின், போன் சார்ஜர், சாதாரண சுவிட்ச், வயர் தெரியும் பல்பு எதுவும் உள்ளே கூடாது. அன்றைய வேலைக்கு வேண்டிய பெயின்ட் மட்டும் உள்ளே இருக்கட்டும். துடைத்த துணிகளை மூடியுள்ள இரும்பு வாளியில் போடு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் சாமான் அடுக்கக் கூடாது.

9. இரவில் இருமலோ இழுப்போ வந்தால் டாக்டரிடம் "வீசிங்" என்று மட்டும் சொல்லாதே. "நான் ஹார்ட்னர் கலந்த பெயின்ட் அடிக்கிறேன், லீவு நாளில் குறைகிறது" என்று சொல். டின்னில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் பிடித்துக் காட்டு. அதைச் சொல்லாவிட்டால் பம்ப்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நீ பம்ப்பை இழுத்துக்கொண்டு திரும்பவும் அதே பூத்துக்குள் போவாய்.

சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை

கராஜ் என்றால் சட்டத்துக்கு வெளியே உள்ள இடம் என்று நினைக்காதீர்கள். பழுதுபார்க்கும் இடங்களும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் அடங்கும். வேலை செய்பவர் விஷப் புகையை மூச்சில் இழுக்காதபடி தடுக்க வேண்டியது அந்த இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்களுக்கு உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கை கால் முறிவுக்கு மட்டும் உரியதல்ல, வேலையால் வரும் நோய்களையும் பேசுகிறது. 18 வயது நிறையாத பிள்ளையை ஆபத்தான வேலையில் வைப்பது குற்றம். பாதுகாப்பான வேலைச் சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று சர்வதேச தொழில் அமைப்பு 2022 ஜூனில் அறிவித்தது.

ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து கராஜுக்கு நடந்து போகாது. சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதிப் பணமும் இல்லாத பையன், நாளைக்கு நோய் வந்தால் அந்தக் கராஜில் வேலை செய்ததையே நிரூபிக்கத் திண்டாடுவான். அதனால் பாதுகாப்பைக் கேட்பதற்கு முன்பே, தான் அங்கே வேலை செய்கிறேன் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்க வேண்டும்.

இனி நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பிள்ளையை அழைத்துப்போக ஆள் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? "சம்பளம் எவ்வளவு? சாப்பாடு, தங்கிற இடம் இருக்கா?" அதோடு நிறுத்திக்கொள்கிறோம். இனிமேல் இன்னும் மூன்று கேள்வி கேட்போம். என்ன அடிக்கப் போகிறான்? மூச்சுக்கு எங்கிருந்து காற்று வரும்? சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து? பதில் சொல்லத் தயங்குகிறவரோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெரட்டில் பெயர் இருக்கும்வரை நம் ஆள், பஸ் ஏறிவிட்டால் நமக்கு ஆகாத ஆள் என்று நாம் இருந்துவிட்டோம். சந்தாக் கணக்கில் இல்லாதவன் நம் கணக்கிலேயே இல்லாமல் போனான். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய நாட்டின் சட்டம் இடம் கொடுக்கிறது. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பெயின்ட் அடிக்கும் மலையகப் பிள்ளைகள் ஏழு பேர்தானா? ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் தங்கள் லயங்களிலிருந்து கராஜ் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பேசுங்கள். புகார் கொடுக்கப் பயப்படுகிற பையனின் பெயரை வெளியே விடாமல், சங்கத்தின் பெயரில் தொழில் திணைக்களத்துக்கு நாம் எழுதலாம்.

அந்தப் பையன் பண்டிகை முடிந்து திரும்பவும் பஸ் ஏறிவிட்டான். போகும்போது அவன் அம்மா பையில் பலகாரமும் கொத்தமல்லிப் பொட்டலமும் வைத்துவிட்டார். கொத்தமல்லியால் தீருகிற வருத்தம் இல்லை இது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் நெஞ்சு வைத்தியரிடம் வேலையைச் சொல்லிக் காட்டு, அவர் சொல்லும்வரை ஹார்ட்னர் கலந்த வேலையைத் தொடாதே என்று அவனிடம் மட்டும் சொல்லி அனுப்பினேன். அவன் வேலையை இழக்காமல் அதைச் செய்யமுடியுமா என்பது அவன் கையில் மட்டும் இல்லை, நம் கையிலும் இருக்கிறது.

காருக்கு வடிகட்டிக் கொடுக்கிற காற்றைத்தான் நம் பிள்ளைக்கும் கேட்கிறோம். அதைக் கேட்கத் தயங்கினோம் என்றால், நம் முதுகில் இருந்த மருந்து டாங்கியை நாமே அவன் முதுகில் ஏற்றிவைத்ததாகத்தான் ஆகும்.

தோழமையுடன்,
ஒரு தோட்டக் கிளைச் செயலாளர்